கரண்ட் வைத்த இடத்தில் மட்டும் அவிழும் மருந்து

வாசகர் கேள்விகளுக்கு, புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவ இயற்பியலாளரின் பதில்கள். நோய் பற்றிய பகுதி என்பதால் எழுதியவர்களின் பெயரை வெளியிடுவதில்லை, ஊர் மட்டும்.

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்க ஒரே விஷயம். கதிர்வீச்சு, அதாவது நாம் 'கரண்ட்' வைப்பது என்கிறோமே, அது பட்டால்தான் வேலை செய்யும் கீமோ மருந்து என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலையாக இருந்தது என்பதால் ஆசிரியர் குழு அந்தக் கட்டை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். இடம் இருக்கும்வரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை கீமோவும் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். கரண்ட் படுகிற இடத்தில் மட்டும் வேலை செய்கிற கீமோ வந்துவிட்டதாக என் மச்சான் செய்தி அனுப்பியிருக்கிறார். வாந்தி, முடி கொட்டுதல் எதுவும் இருக்காதாம். அது எங்கே கிடைக்கும் மேடம்? அதற்காகச் சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

தள்ளிப்போட வேண்டாம் ஐயா. ஒரு மாதம் வேண்டாம், ஒரு வாரமும் வேண்டாம். இந்த நோயில் வெளியிலிருந்து வைக்கும் கரண்ட், அப்புறம் உள்ளே வைக்கும் கதிர் இரண்டையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவில் எல்லாரும் பிடிவாதமாகக் காக்கும் கணக்கு. நாள் நீண்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். உங்கள் மச்சான் அனுப்பிய செய்தி பொய் இல்லை, ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் செய்தி. அப்படி ஒரு மருந்து எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சைக்கு அனுமதி பெற்று வரவில்லை.

உங்கள் மனைவிக்கு வாராவாரம் ஏற்றப்போவது பெரும்பாலும் சிஸ்பிளாட்டினாக இருக்கும். அதில் முடி அவ்வளவாகக் கொட்டாது, அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். வாந்திக்கு முன்கூட்டியே மருந்து தருவார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற சலைன் நிறைய ஏற்றுவார்கள். வீட்டிலும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அதை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் வெறும் கரண்ட்தான். 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஐந்து ஆய்வுகளின் முடிவைப் பார்த்துவிட்டு, கரண்டோடு சிஸ்பிளாட்டினையும் சேர்ப்பதைப் பரிசீலியுங்கள் என்று டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பே அனுப்பியது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சிகிச்சை முறை மாறியது. ஆகவே உங்களுக்குக் கொடுப்பது பழைய சிகிச்சை என்று நினைக்க வேண்டாம்.

இனி அந்தப் புது மருந்துக்கு வருகிறேன். அது எதற்காக என்று சொல்ல என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கும் இதே நோய், இதே சிகிச்சை. சொந்தக்காரி என்பதால் அவளுக்கான கதிர்த் திட்டத்தை நான் போடவில்லை, என்னோடு வேலை பார்த்தவர் போட்டார். முடிந்ததும் கணினியில் எனக்குக் காட்டினார். கர்ப்பப்பை, அதைச் சுற்றிய திசுக்கள், பக்கத்து நிணநீர் முடிச்சுகள். மூத்திரப்பைக்கு இவ்வளவு, மலக்குடலுக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஒதுக்கியிருந்தார். கதிர் இடுப்புக் குழியை விட்டு வெளியே போகவில்லை. இடுப்பில் பச்சைக் குத்தலாக வைத்த மூன்று புள்ளிகளின் மேல் லேசர் கோடு சரியாக விழுந்தால்தான் தினமும் மெஷினையே ஓட்டுவார்கள்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா நாலடி தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், எழுந்திருக்கவில்லை. "அக்கா, விசில்" என்றேன். தலையைத் தூக்கி "வந்திருச்சா?" என்றாள். சிஸ்பிளாட்டின் உள்காதில் உள்ள மயிர்ச்செல்களைக் கொல்லக்கூடியது. முதலில் போவது கீச்சென்ற ஒலிகள்தான். இன்று அவள் நன்றாக இருக்கிறாள், நோய் திரும்பவில்லை. கேட்காமல் போனது மட்டும் கேட்காமல் போனதுதான்.

நோய் இருந்தது இடுப்பில். கதிரை இடுப்புக்குள்ளேயே நிறுத்த எங்களால் முடிந்தது. மருந்து ரத்தத்தோடு காதுவரை போய்விட்டது. இத்தனை வருஷத்தில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் இது. நீங்கள் கேட்ட ஆராய்ச்சி கைவைப்பதும் இந்த இடத்தில்தான்.

மருந்து மூலக்கூறில் வேலை செய்கிற முனையைப் பார்த்து, அதில் வேதியியல் முறையில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். முடிச்சோடு இருக்கும்வரை அது காதுக்குப் போனாலும் இதயத்துக்குப் போனாலும் பெரிதாகத் தீங்கு செய்யாது. கரண்ட் வைக்கும் இடத்தில் மட்டும் கதிர் பட்டு முடிச்சு அவிழ, மருந்து அங்கேயே வேலையைத் தொடங்கும். கதிரைக் குறி வைக்க எங்களுக்குத் தெரியும். அந்தக் குறியை மருந்துக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கீமோ தொடங்குமுன் காதுப் பரிசோதனை ஒன்று செய்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காதில் ரீங்காரம் கேட்டாலோ, போன் மணி மங்கினாலோ அந்த வாரமே சொல்லச் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ வழி உண்டு. அக்காவுக்கு இரண்டாவது வாரமே ரீங்காரம் வந்திருக்கிறது. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். எக்ஸ்ரேயின் ஆற்றல் எந்தப் பிணைப்பையும் உடைக்கப் போதுமானது. அப்படியிருக்க அது ஒரு குறிப்பிட்ட பிணைப்பை மட்டும் எப்படி அவிழ்க்கும்? கதிர் பட்ட இடம் சூடாகி, அந்தச் சூட்டில் மருந்து வெளியே வருகிறதா?
— ஆசிரியர், காரைக்குடி

சூடு இல்லை சார். ஒரு நாளைக்கு வைக்கும் வழக்கமான அளவு 2 கிரே. கிலோவுக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு கிரே, நீங்களே வகுத்துப் பாருங்கள். திசுவின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. மெஷினுக்குள் படுத்திருக்கும் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாததற்குக் காரணமும் அதுதான். "வச்சாச்சா? ஒண்ணுமே தெரியலையே" என்று முதல் நாள் கேட்காதவர்கள் குறைவு.

எக்ஸ்ரே அந்த முடிச்சைத் தேடிப் போவதில்லை. அது போய் மோதுவது தண்ணீரில். நம் உடம்பில் அதிகம் இருப்பது தண்ணீர்தானே. தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறிக்கிறது. தெறித்த எலக்ட்ரானைச் சுற்றி மற்ற தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதோடும் உடனே வினைபுரியும் துண்டு பிறக்கிறது. ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும், இன்னொன்று பிடுங்கத் துடிக்கும். வகுப்பில் நீங்கள் சொல்லும் ஒடுக்கமும் ஆக்சிஜனேற்றமும் இவை இரண்டும்தான். முடிச்சு போடுகிறவர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் அவிழ்கிற முடிச்சாகப் பார்த்துப் போடுகிறார்கள். பிணைப்பைத் தேர்ந்தெடுப்பது கதிர் செய்யும் வேலை இல்லை, வேதியியல் செய்யும் வேலை.

தண்ணீர் சூழ்ந்த அந்த எலக்ட்ரானை முதலில் கண்ணால் பார்க்கிற மாதிரிப் பதிவு செய்தது 1962இல். எட்வின் ஹார்ட், ஜான் போக் என்ற இருவர், லண்டனை அடுத்த மவுண்ட் வெர்னான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தார்கள். சோடியத்தைத் திரவ அம்மோனியாவில் கரைத்தால் வருமே ஒரு நீலம், அதே வகை நீலம் தண்ணீரில் மின்னி மறைந்தது. அதே மவுண்ட் வெர்னானில்தான் ஹரால்ட் கிரே இருந்தார். கதிர் அளவுக்கு நாம் சொல்லும் 'கிரே' அவர் பெயர்தான். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிருக்கு மசியாது என்று 1953இல் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். ஆக்சிஜன் நன்றாக இருக்கும் செல்லைக் கொல்லும் அளவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேண்டியிருக்கும். எங்கள் தொழிலின் தீராத தலைவலி இது.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்த எலக்ட்ரானை முதலில் விழுங்கிவிடுவது ஆக்சிஜன். ஆக்சிஜன் நிறைந்த நல்ல திசுவில் அது முடிச்சுக்குப் போய்ச் சேருமுன்னே காணாமல் போகும். ஆக்சிஜன் இல்லாத கட்டியின் உட்பகுதியில் அதற்கு ஆயுள் கூடுதல், முடிச்சை அவிழ்க்க நேரம் கிடைக்கும். அதாவது கதிர் எங்கே தோற்கிறதோ அங்கே மருந்து நன்றாக அவிழும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நிஷிமோட்டோ குழுவினர் 5-ஃபுளூரோயூராசில் மருந்தை இப்படிக் கட்டி, ஆக்சிஜன் இல்லாத நிலையில் கதிரால் அவிழ்த்துக் காட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றைக்குச் சுற்றும் செய்தி புதிது, யோசனை பழையது.

2021இல் எடின்பரோவில் மார்க் பிராட்லி குழுவினர் அசைடு என்ற, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட முடிச்சைப் பயன்படுத்தினார்கள். டாக்சோரூபிசின், பசோபனிப் என்ற இரண்டு மருந்துகளைக் கட்டி, மருத்துவமனையில் கொடுக்கிற மாதிரியான கதிர் அளவிலேயே அவிழ்க்க முடியும் என்று காட்டினார்கள். டாக்சோரூபிசின்தான் நம் நோயாளிகள் 'செகப்பு மருந்து' என்று சொல்வது. இதயத்தைக் கெடுக்கும் என்பதால் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் லியூ ஜிபோ குழுவினர் பிளாட்டினத்தையே கையில் எடுத்தார்கள். +4 ஆக்சிஜனேற்ற நிலையில் பிளாட்டினம் சோம்பி இருக்கும், அந்த எலக்ட்ரான் அதை +2க்கு இறக்கியதும் விழித்துக்கொள்ளும். உங்கள் மாணவர்களுக்கு ஒடுக்க வினைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதில் கணக்கு ஒன்று இடிக்கிறது. கதிர் தண்ணீரில் எவ்வளவு ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும் என்பதற்கு நன்றாகத் தெரிந்த எண் உண்டு: ஒரு ஜூலுக்குச் சுமார் 0.28 மைக்ரோமோல். எலக்ட்ரானும் ஏறக்குறைய அவ்வளவே. 2 கிரே வைத்தால் ஒரு கிலோ திசுவில் அரை மைக்ரோமோலுக்குச் சற்று மேல். ஒவ்வொரு ரேடிக்கலும் தவறாமல் ஒரு முடிச்சை அவிழ்க்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவில் விடுபடும் டாக்சோரூபிசின் 0.3 மில்லிகிராம். எலுமிச்சை அளவுக் கட்டி 50 கிராம் என்றால் 0.015 மில்லிகிராம். நிஜத்தில் அதுவும் கிடைக்காது. செல்லுக்குள் புரதம், டிஎன்ஏ, குளூட்டாதயோன் எல்லாம் அந்த ரேடிக்கலுக்குப் போட்டி போடும், அதன் ஆயுளோ நானோ விநாடிகள்.

அதனால் மிகக் கொஞ்சமே போதும் என்கிற கொடிய மருந்தாகத் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்று எம்.எம்.ஏ.ஈ. இந்தியப் பெருங்கடலில் வாழும் கடல் முயல் என்ற ஓடில்லாத நத்தையிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜ் பெட்டிட் பிரித்தெடுத்து, 1987இல் வெளியிட்ட டோலாஸ்டாட்டின் என்ற நஞ்சின் வழியில் வந்தது. தனியாக ரத்தத்தில் ஏற்றவே முடியாத அளவுக்குக் கடுமை. பாஸ்டனில் மைல்ஸ் மில்லர், ரால்ஃப் வைஸ்லெடர் குழுவினர் இதையும் டாக்சோரூபிசினையும் கதிருக்கு அவிழும் இணைப்பால் ஆல்புமின் புரதத்தோடும் எதிர்ப்பொருளோடும் கட்டிப் பார்த்தார்கள். 2022இல் வந்த அந்த ஆய்வில், ஆக்சிஜன் குறைந்த சூழலில் 8 கிரே வைத்ததும் மருந்தில் ஏறக்குறைய பாதி விடுபட்டது. கதிர் படாதபோது இருந்ததைவிட, பட்ட பிறகு செல்லைக் கொல்லும் திறன் 2000 மடங்குக்கு மேல் கூடியது. அந்த எண்ணைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை, பாதி கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றியது.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு நன்றாக வேலை செய்தால் மனிதர்களுக்குக் கொடுக்க ஏன் தாமதம்? என் தம்பிக்கு நேரம் இல்லை. கேட்கவே கோபமாக வருகிறது.
— வாசகி, மதுரை

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீதம் குழுவினர் கொழுப்பாலான குமிழ் ஒன்று செய்தார்கள். அதற்குள் டாக்சோரூபிசின். உடம்புச் சூட்டில் மூடியிருக்கும், 40 டிகிரியைத் தாண்டினால் சில விநாடிகளில் கொட்டிவிடும். தெர்மோடாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எலிகளில் பிரமாதம். கல்லீரல் புற்றுக்கு ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு, அதோடு சேர்த்து 701 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013 ஜனவரியில் முடிவு வந்தது: நோய் வளராமல் நிற்கும் காலத்தை அது எதிர்பார்த்த அளவு நீட்டவில்லை. குமிழ் திறக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. திறக்க வேண்டிய சூடு எவ்வளவு நேரம், எவ்வளவு அகலத்துக்கு இருந்தது என்பதில்தான் பிற்பாடு நிறைய விவாதம் நடந்தது.

கதிருக்கும் இப்படிக் கேள்விகள் உண்டு. எலியின் தொடையில் பட்டாணி அளவு கட்டியை வளர்த்து ஒரே தடவையில் பெரிய அளவு கதிர் வைக்கலாம். மனிதருக்கு 2 கிரேயாகப் பிரித்து ஐந்தாறு வாரம் வைக்கிறோம். மருந்து ரத்தத்தில் எந்த மணிக்கு உச்சத்தில் இருக்கும், அந்த மணிக்கு மெஷின் காலியாக இருக்குமா? எங்கள் ஓ.பி.யில் ஒரு மெஷினுக்கு வெளியே காலை ஆறு மணியிலிருந்து வரிசை நிற்கும். இன்னொன்று, கதிர் கட்டியை மட்டும் தொட்டுவிட்டு நிற்பதில்லை. உள்ளே போகும் வழியிலும் வெளியேறும் வழியிலும் நல்ல திசு இருக்கிறது, அங்கும் கொஞ்சம் அவிழும். அவிழ்ந்த மருந்து மறுபடி ரத்தத்தில் கசிந்தால் மற்ற உறுப்புகளுக்குப் போகும். முடிச்சு கதிரே படாமல், கல்லீரலின் நொதிகளால் அவிழ்ந்துவிட்டால்? எம்.எம்.ஏ.ஈ. மாதிரியான நஞ்சில் அது உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

உங்கள் தம்பிக்கு நோய் எலும்புக்குப் பரவியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த முறை நாளைக்கே வந்தாலும் பரவிய நோய்க்கு முதல் மருந்தாக இராது. கதிர் வைக்கும் இடத்தில்தான் அவிழும், உடம்பு முழுக்கக் கதிர் வைக்க முடியாது. எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை 8 கிரே வைத்தாலே பலருக்கு வலி தணிகிறது. அதைக் கேட்டீர்களா? வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே கேளுங்கள்.

கேள்வி: தொண்டையில் கட்டி, கரண்ட் வைக்கிறார்கள். சத்துக்காக தினமும் நெல்லிக்காய்ச் சாறும், மகள் வாங்கித் தந்த வைட்டமின் ஈ மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். ஆன்டிஆக்சிடன்ட் கதிரின் வேலையைக் கெடுக்கும் என்று பக்கத்து பெட்காரர் சொல்கிறார். விடவா?
— வாசகர், கோயம்புத்தூர்

மாத்திரையை விடுங்கள், விட்டதை டாக்டரிடமும் சொல்லுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் என்றால் பயமில்லை. புளிப்பு இப்போது உங்கள் தொண்டையில் எரியும், அதனால் வேண்டுமானால் தள்ளி வையுங்கள்.

பக்கத்து பெட்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் வைத்துக்கொண்ட 540 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு வாய்ப்புண் மாதிரியான கடும் பக்க விளைவு குறைந்தது. ஆனால் அதே இடத்தில் நோய் திரும்புவது அவர்களிடம் கூடுதலாக இருக்கும் போக்கும் தெரிந்தது. நல்ல செல்லைக் காத்த அதே மாத்திரை கெட்ட செல்லையும் காத்திருக்கலாம். மேலே காரைக்குடி சாருக்கு எழுதிய பதிலில் ரேடிக்கல் என்று சொன்னேனே, அதைத்தான் இந்த வைட்டமின்கள் விழுங்குகின்றன. கதிருக்கு அவிழும் மருந்துகள் வந்தால் அன்றைக்கு இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியமாகிவிடும்.

பீடி, சிகரெட் இருந்தால் அதையும் இன்றே விடுங்கள். கரண்ட் வைக்கும் நாட்களில் புகைப்பது சிகிச்சையின் பலனைக் குறைக்கும். முகத்துக்கு மாஸ்க் போட்டு வைக்கிறார்களா? உடம்பு இளைத்து மாஸ்க் தளர்ந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், புதிதாகச் செய்வார்கள். வெந்நீரில் போட்டதும் இளகும் வலைத் தட்டு அது. முகத்தில் அழுத்தும்போது வெதுவெதுப்பாக இருக்கும், பத்து நிமிஷத்தில் கெட்டியாகிவிடும். சிரமம் பார்த்துச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். மாஸ்க்குக்குள் கன்னம் ஆடினால் கதிரும் ஆடும்.

கேள்வி: 'நானோ கேப்சூல் கதிர் கீமோ' என்ற பெயரில் ஒரு இடத்தில் அப்பாவுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்கிறார்கள். நாலரை லட்சம். நகையை வைத்துப் பாதிப் பணம் புரட்டிவிட்டேன். வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு, இங்கே சோதனை முறையில் தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா அக்கா?
— வாசகர், சேலம்

தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதே. நகையை மீட்டுவிடு.

சோதனை முறை என்றால் அதற்கு விதி இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் எந்த மருந்துச் சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவர்களிடம் இரண்டே கேள்வி கேள்: பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? இரண்டும் இருந்தால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வரவும் விடுவார்கள். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் செலவு யார் ஏற்பது என்பது அதிலேயே எழுதியிருக்கும். சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் நாலரை லட்சம் கேட்பது நான் அறிந்த எந்த முறையான சோதனையிலும் கிடையாது.

இப்படி ஒரு இடத்தில் வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டு, பணம் தீர்ந்தபின் எங்கள் வரிசையில் வந்து நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் கட்டி நாலு மாதத்தில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. முன்பே வந்திருந்தால் வைத்திருக்கக்கூடிய முழு அளவுக் கதிரை எங்களால் வைக்க முடியவில்லை, வலி குறைய மட்டும் வைத்தோம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். அப்பாவை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போ.

கேள்வி: கரண்ட் வைத்துவிட்டு வந்த பிறகு பேத்தியைத் தூக்கலாமா? மருமகள் வேண்டாம் என்கிறாள்.
— வாசகி, திருநெல்வேலி

தாராளமாகத் தூக்குங்கள் அம்மா. மெஷின் நின்றதும் கதிர் நின்றுவிடும், விளக்கை அணைத்தால் வெளிச்சம் மிச்சம் இருப்பதில்லையே, அது மாதிரி. மருமகளிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். அவள் குழந்தைக்காகப் பயப்படுகிறாள், வேறொன்றுமில்லை.

கேள்வி: என் சித்தப்பாவுக்கு லுட்டீசியம் ஊசி போட்டார்கள். அவரையும் சில நாள் குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கச் சொன்னார்கள். அதுவும் கதிரால் திறக்கும் மருந்துதானா?
— வாசகர், புதுச்சேரி

இல்லை, அது வேறு. லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊசி அது. அங்கே மருந்து கதிரைச் சுமந்து போகிறது, நாம் பேசும் முறையில் வெளியிலிருந்து வரும் கதிர் மருந்தை அவிழ்க்கிறது. குடல், கணையத்தில் வரும் ஒருவகைக் கட்டிக்கு 2018இலும், புராஸ்டேட் புற்றுக்கு 2022இலும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. லுட்டீசியம் ஏறக்குறைய 6.6 நாளுக்கு ஒருமுறைதான் பாதியாகும். கொஞ்ச நாள் அவர் உடம்பிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் கதிர் வரும். ஆகவே திருநெல்வேலி அம்மாவுக்குச் சொன்னது உங்கள் சித்தப்பாவுக்குப் பொருந்தாது. எத்தனை நாள் தள்ளி இருக்கச் சொன்னார்களோ அத்தனை நாளும் இருக்கட்டும்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன் ஆன்ட்டி. என் பாட்டி கீமோவில் ரொம்பக் கஷ்டப்பட்டு இறந்தார். இந்த மருந்தைச் செய்கிற வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? டாக்டர் ஆக வேண்டுமா?
— மாணவி, விருதுநகர்

டாக்டர் ஆகலாம், ஆகாமலும் இதற்குள் வரலாம் கண்ணு. கதிர்ப் பக்கம் என்றால் இயற்பியலில் பட்டம் எடுத்துவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. படிக்கலாம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிரியல் இயற்பியலில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. முடிச்சுப் போடும் பக்கம் என்றால் கரிம வேதியியல். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் இந்த மருந்து வராது. இதுவரை நான் சொன்ன ஆய்வுகளை முன்னின்று செய்தவர்களில் வேதியியல்காரர்கள்தான் அதிகம்.

நான் செய்த வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கிறதா பார். கட்டில் அளவு மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் தண்ணீர். பென்சில் முனை அளவு அளவியை அதற்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி, மெஷினை ஓட்டி, எவ்வளவு கதிர் போய்ச் சேருகிறது என்று குறித்துக்கொள்வோம். மனித உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர். அத்தனை வருஷமும் அந்தத் தொட்டியை வெறும் அளவுகோலாகத்தான் பார்த்தேன். கதிர் பட்ட ஒவ்வொரு விநாடியும் அந்தத் தண்ணீருக்குள் நீல எலக்ட்ரான்கள் பிறந்து மறைந்துகொண்டிருந்தன என்பது புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு மருந்தை அவிழ்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இயற்பியல் தெரிந்த அளவு வேதியியல் தெரியாது. பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். எந்தப் பாடம் என்று எழுது, அடுத்த இதழுக்குள் தபாலில் பதில் போடுகிறேன்.